அப்படி யாரும் இங்கே இல்லை

குழந்தைக்கு ஊட்டுவதுபோல் முள்ளை எல்லாம் எடுத்து, சோற்றோடு மசித்து வைத்த மீன் அது. இருந்தும் டெப்பியின் தொண்டையில் என்னவோ குத்தியது.

குத்தியது மீன் அல்ல. தம்பி மனைவி ஷர்பரி போகிறபோக்கில் சொன்ன ஒரு பெயர்.

"இன்னிக்கும் வந்துச்சு தீதி, அந்த ராங் நம்பர்," என்று சொல்லிக்கொண்டே கடுகுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள் ஷர்பரி. "அதே ஆம்பளைக் குரல். 'மணிகுந்தளா தேவி இருக்காங்களா?'ங்கறான். அப்படி யாரும் இங்கே இல்லைய்யான்னு சொல்லிப் பட்டுனு வெச்சேன். நேத்து ரெண்டு தடவை. முந்தாநாள் ஒரு தடவை. வேற வேலையே இல்ல போலிருக்கு."

டெப்பியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுபோனது.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூடத்து மூலையில், லேஸ் வைத்த துணி போர்த்தி, புது மருமகள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் எண்ணும் ஊரிலுள்ள ஹோமியோபதி டாக்டர் ஒருவரின் எண்ணும் கடைசி ஒற்றை இலக்கத்தில்தான் வேறுபட்டன. எனவே ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கூப்பிட்டுத் தங்கள் வயிற்றுக் கோளாறை விவரித்தார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைப்பது அந்த வீட்டில் பழகிப்போன வேலை.

வாசலில் சைக்கிள் சாய்க்கும் சத்தம் கேட்டது. லாட்டு உள்ளே வந்தான். டெப்பியின் தம்பி. தோளில் ஒயர் சுருள், தலையில் தெர்மோகோல் தூள், சட்டைப் பையில் ஒரு பிடி குட்டி பல்புகள். ஜகத்தாத்ரி பூஜை நெருங்கிவிட்டால் நபாகஞ்ச் ஊரே விளக்கு அலங்காரக்காரர்களின் கையில்தான். லாட்டுவுக்கு இந்த வருடம் மூன்று பந்தல். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியாது.

"யாரு, அந்த மணிகுந்தளா ஆளா?" என்று கேட்டுக்கொண்டே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நேத்து ராத்திரி நான்தான் எடுத்தேன். விட்டேன் பாரு ஒரு டோஸு! 'யோவ், இது ஜாத்ரா நாடகக் கம்பெனி இல்ல, குடும்பம் இருக்கற வீடு. உன் கதாநாயகி ஓடிப்போயிட்டா போலீஸுக்குப் போ'ன்னேன். மணிகுந்தளாவாம்! பவுடர் பூசி, சிகப்பு ஜரிகைப் புடவை கட்டிக்கிட்டு..."

"லாட்டு," என்றாள் டெப்பி. "என் பேர் என்ன?"

அவன் சிரித்தான். "என்ன தீதி, பல்லு வலி மூளைக்கு ஏறிடுச்சா? டெப்பி."

"அது வீட்டுப் பேரு. நல்ல பேரு என்ன? பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட பேரு?"

லாட்டு வாயைத் திறந்தான். அப்படியே நிறுத்தினான். ஒரு குட்டி பல்பு பையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவன் முகம் வெளிறியது.

"ஐயோ," என்றான்.

"ஐயோவேதான்," என்றாள் அவள்.

ஷர்பரி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன? என்ன ஆச்சு?"

"மணிகுந்தளா ரக்ஷித்," என்றான் லாட்டு. "நம்ம தீதிதான்."

கரண்டி குழம்புச் சட்டிக்குள் முழுகிப்போனது.

வங்காளத்துப் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஒன்று வீட்டில் கூப்பிட. இன்னொன்று வெளி உலகத்துக்கு. அவரவருக்கு எது எங்கே என்று ஒரு கணக்கு உண்டு. டெப்பியின் விஷயத்தில்தான் அந்தக் கணக்கு பிசகியது. தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் அவள் தீதி, அதாவது அக்கா. தெருவுக்கு அதையே சுருக்கி டெப்பி-தி. அவள் ரயில்களை அறிவிக்கும் நபாகஞ்ச் ஸ்டேஷனில் குடும்பப் பெயரைச் சேர்த்து ரக்ஷித்-தி. மணிகுந்தளா என்று அவளை யாராவது கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். போன வாரம் கல்கத்தாவில், ஹாத்திபாகானில், ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் தன்னை அந்தப் பெயரில்தான் அவள் அறிமுகம் செய்துகொண்டாள். எண்ணை மட்டும் வீட்டு எண்ணாகக் கொடுத்தாள்.

கொடுத்தபோது அவளுக்கே உறைக்கவில்லை.

"பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னீங்களே தீதி," என்றாள் ஷர்பரி, குரல் கீழே இறங்க.

"போகல. நாடகத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு ஸ்டேஷன் தூண்ல போஸ்டர் பார்த்தேன். ஐம்பது வயசுக்குக் கிட்டத்துல ஒரு பொம்பளை வேணும்னு போட்டிருந்துச்சு. போய் வசனம் பேசிக் காட்டினேன்."

"அப்போ பல்லு?"

"பல்லுக்கு ஒண்ணுமில்ல."

"ஒரு வாரமா முறுக்குக்கூடக் கண்ணுல காட்டாம, முள்ளு எடுத்து, மசிச்சு, ஆற வெச்சு..."

"மன்னிச்சுக்க. நல்லாத்தான் இருந்துச்சு."

லாட்டு சாப்பிடவில்லை. "கிடைச்சுடுச்சா?"

"கிடைச்சா போன்ல சொல்றேன்னாங்க. கிடைக்காதவங்களுக்குச் சொல்ல மாட்டாங்களாம். இன்னிக்குச் சாயங்காலம் முதல் வாசிப்பு. எந்த இடம்னும் போன்லதான் சொல்லுவேன்னாரு டைரக்டர். அந்தக் கூடம் அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்ததாம்."

போனையே மூவரும் பார்த்தார்கள். கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் கிடைத்திருக்கிறது. நாலு தடவை கூப்பிட்டு, நாலு தடவையும் அப்படி யாரும் இங்கே இல்லை என்று கேட்டுக்கொண்டு, நடுவில் போலீஸுக்குப் போகச் சொல்லி வசவும் வாங்கியிருக்கிறார்கள்.

"ஏன் தீதி எங்ககிட்ட சொல்லல?" லாட்டுவின் குரலில் கோபமும் அழுகையும் சம அளவில் இருந்தன.

"கிடைக்கலைன்னா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பாவமா பார்ப்பீங்க. அந்தப் பார்வையோட ஒரே கூடத்துல உக்காந்து சாப்பிட முடியாதுடா."

அவள் எழுந்து கை கழுவினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே சொன்னாள்: "விடுங்க. ஒண்ணும் குடி முழுகிப் போகல."

இந்த 'விடுங்க' அந்த வீட்டில் வெகுநாள் புழங்கிய சொல்.

இருபத்திரண்டு வயதில், நபாகஞ்ச் நாடகக் குழுவில், கதாநாயகி வேஷம் கையில் வந்து, புடவைகூடத் தைத்தாகிவிட்ட நிலையில், அப்பா போனார். சரக்கு ரயிலில் கார்டு. பணியில் இருக்கும்போது இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு ரயில்வே வேலை தருவார்கள். அம்மா படுக்கையில். லாட்டுவுக்குக் காற்சட்டை வயது. தங்கை அதற்கும் சின்னவள். வேலைக்கு யார் போவது என்று கேள்வியே எழவில்லை. "என்னால முடியாது, வேற ஆள் பார்த்துக்கங்க" என்று குழுவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, "விடுங்க" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, டெப்பி மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தங்கை ராஞ்சியில் குடும்பம் நடத்துகிறாள். லாட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. தனக்கு வந்த வரன்களை டெப்பி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்ததில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை, அவளுக்கும்தான். நடுங்கும் குரலில் "டவுன் லோக்கல்" என்று முதல் நாள் சொன்னவள், போகப்போக அந்தக் கண்ணாடி அறையை விரும்பவே ஆரம்பித்துவிட்டாள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். எந்த மேடையில் கிடைக்கும் அது?

ஆனால் அந்த ஆயிரம் பேரில் ஒருவன்கூட இவள் முகத்தைப் பார்த்ததில்லை. போன வாரம் ஹாத்திபாகானில் பார்த்தார்கள். அதுதான் இப்போது தொண்டையில் குத்துவது.

"நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போறேன்," என்று சைக்கிளைப் பிடித்தான் லாட்டு. "அங்க நமக்கு ஒருத்தன் இருக்கான். எங்கேருந்து போன் வந்துச்சுன்னு கேட்டுடலாம்."

"உன் பந்தல்? ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"பல்பு மயிலு ஒரு மணி நேரம் தோகை விரிக்காம இருந்தா அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா!"

ஷர்பரி போனுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டெப்பி படி இறங்கும்போதே மணி அடித்தது. "ஹலோ! மணிகுந்தளா தேவி வீடுதான்! சொல்லுங்க!" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினாள். பிறகு, "இல்லைங்க... வயித்துப்போக்கா? எத்தனை நாளா?" என்று அவள் குரல் தளர்வது டெப்பிக்குத் தெரு முனைவரை கேட்டது.

பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை. ஸ்டேஷன் பிதுங்கியது. கண்ணாடி அறைக்குள் நுழைந்து, பகல் ஷிப்டுக்காரனை அனுப்பிவிட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பி டெப்பி வேலையைத் தொடங்கினாள். அப் பாண்டேல் லோக்கல் ஒன்றாம் பிளாட்பாரத்தில். டவுன் ஹவுரா லோக்கல் இரண்டில். இடையில் ஒரு நீலச் சட்டைப் பையன் தாயைத் தேடுகிறான். ஒரு தாய் குடையைத் தேடுகிறாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. வாசிப்புக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். எங்கேயோ.

உள் தொலைபேசி கொர்ரென்றது. விசாரணைக் கவுன்டரிலிருந்து பாக்ராஷி பாபு. மூக்கடைப்பு அவருக்குப் பிறவிச் சொத்து.

"ரக்ஷித்-தி, காணாமப் போன கேஸு ஒண்ணு. ஒரு சின்னப் பொண்ணு வந்து நிக்குது. கல்கத்தாவுலேருந்து. ஒரு அம்மாவைத் தேடுதாம். இங்கதான் வேலை செய்யறாங்கன்னு சாதிக்குது. புக்கிங்ல கேட்டுச்சு, பார்சல்ல கேட்டுச்சு. அப்படி யாரும் இங்கே இல்லம்மான்னு நானும் மூணு தடவை சொல்லிட்டேன். நகர மாட்டேங்குது. கண்ணுல தண்ணி வேற. சரி, மைக்ல ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம்னு சொன்னேன்."

"பேரு?"

"மணிகுந்தளா ரக்ஷித். அட, உங்க குடும்பப் பேருதான்! சொந்தக்காரங்களா இருக்குமோ?"

அது நான்தான் பாக்ராஷி பாபு. ஒரே வாக்கியம். சொல்லிவிட்டால் முடிந்தது. வாயெடுத்தாள்.

சொல்லவில்லை.

"கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டு, மைக்கின் பொத்தானில் விரலை வைத்தாள்.

"அன்பான பயணிகள் கவனத்துக்கு." எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன ஆரம்பம். "மணிகுந்தளா ரக்ஷித் அவர்கள் எங்கிருந்தாலும், முதலாம் பிளாட்பாரத்தில் உள்ள விசாரணைக் கவுன்டருக்கு உடனே வரவும். அவரைத் தேடி வந்தவர் காத்திருக்கிறார்."

தன் பெயர் கூரைத் தகரத்தில் பட்டு, தண்டவாளத்தின் மேல் ஓடி, கடைசிப் பிளாட்பாரம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதைக் கேட்டாள். யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. நல்ல பெயர்தான்.

ரயில்வே வழக்கப்படி மூன்று மொழியில் சொல்ல வேண்டும். வங்காளம் முடிந்தது. இந்தியில் சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ஸ்டேஷன் குரலாகவே இல்லை. இருபத்திரண்டு வயதில், விளக்கு அணைந்த கூடத்தில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று வயிற்றிலிருந்து எடுத்த குரல். டீக்கடைக்காரன் கெட்டிலைத் தூக்கியபடியே நின்று ஒலிபெருக்கியைப் பார்த்தான்.

கதவை யாரோ தட்டினார்கள். பாக்ராஷி பாபு, மூச்சிரைக்க. அவர் பின்னால் தோளில் ஜோல்னாப் பை தொங்க ஓர் இளம்பெண்.

"ரக்ஷித்-தி, இந்தப் பொண்ணு உங்க குரலைக் கேட்டுட்டு இதுதான் அவங்க, இதுதான் அவங்கன்னு குதிக்குது! நீங்களா மணிகுந்தளா?" பாக்ராஷி பாபு நெஞ்சில் கை வைத்தார். "இத்தனை வருஷம் ஒரே பானைத் தண்ணி குடிச்சிருக்கோம்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"மாஷிமா, நான் பௌஷாலி," என்று சித்தி முறை வைத்து ஒரே மூச்சில் சொன்னது அந்தப் பெண். "நாடகக் குழுவுலேருந்து வர்றேன். உங்க வீட்டு நம்பர்ல யாரோ ஒரு ரௌடி இருக்கான். டைரக்டரைப் போலீஸ்ல மாட்டிவிடுவேன்னு மிரட்டினான்!"

"என் தம்பி," என்றாள் டெப்பி.

"ஓ," என்றாள் பௌஷாலி. "நபாகஞ்ச் ஸ்டேஷன்ல வேலைன்னு நீங்க அன்னிக்குச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் ஓடி வந்தேன். மாலதி பாதுரி வேஷம் உங்களுக்குத்தான். மலை பங்களாவுல குடித்தனக்காரங்களை ஒவ்வொருத்தனா தீர்த்துக் கட்டறாளே, அந்த அம்மா. இன்னிக்கு வாசிப்புல மாலதியோட நாற்காலி காலியா இருந்தா, பெஹாலாவுலேருந்து இன்னொரு அம்மாவைக் கூப்பிட்டுடுவேன்னாரு டைரக்டர். இப்பவே கிளம்பினாத்தான்."

டெப்பி கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிப்டு முடிய இரவாகும். வெளியே பூஜைக் கூட்டம்.

'என்னால முடியாது, வேற ஆள் பார்த்துக்கங்க.' வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. வருடக்கணக்காகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தும் கசங்கவே இல்லை. சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய் 'விடுங்க' என்றால் போதும்.

ஆனால் மணிகுந்தளா ரக்ஷித்தை உடனே வரச் சொல்லி மூன்று மொழியில் அறிவித்தாகிவிட்டது. அறிவித்தவள் இவள். தன் அறிவிப்பைத் தானே பொய்யாக்குவது டெப்பியின் பழக்கத்தில் இல்லை.

சூப்பிரண்டு அறைக்குப் போன் போட்டாள். "சார், ரக்ஷித் பேசறேன். நான் இப்போ கிளம்பணும். சொந்த வேலை."

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரக்ஷித்-தி, லீவா கேக்கறீங்க?" சூப்பிரண்டின் குரலில் நிஜமான வியப்பு. "லோக்கல் ரயில் நேரத்துக்கு வந்தாக்கூட நான் இப்படி ஆச்சரியப்பட மாட்டேன். போயிட்டு வாங்கம்மா. யாரு வேணாம்னா?"

அவ்வளவுதான். கேட்டால் கிடைத்துவிடுகிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று ரிசீவரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மைக்கை நான் பார்த்துக்கறேன்," என்று பாக்ராஷி பாபு ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்கள் மின்னின. "ரொம்ப நாள் ஆசை ரக்ஷித்-தி. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

நடைமேம்பாலத்தில் ஏறும்போது கீழே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சைக்கிள் வந்தது. பிளாட்பாரத்தில் சைக்கிளா என்று போர்ட்டர்கள் வைதார்கள். லாட்டு காதில் வாங்கவில்லை.

"மணிகுந்தளா தீதி!" என்று கத்தினான், நெற்றி வியர்வை கண்ணில் வழிய. "மணிகுந்தளா தீதி! லெவல் கிராசிங்ல கேட்டேன்! உன் குரல்லயே உன் பேரு!"

"மெதுவாடா! ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும்! இனிமே நான் வேற பேரு சொல்லியே கூப்பிட மாட்டேன்."

"இந்தாளுதான்," என்று பௌஷாலி டெப்பியின் பின்னால் ஒதுங்கினாள். "அந்தக் குரல்."

லாட்டு இரு கையும் கூப்பினான். "தங்கச்சி, உங்க டைரக்டர் கால்ல விழறேன்னு சொல்லு. இல்ல, நானே வந்து விழறேன்."

அந்த நேரம் ஒலிபெருக்கி செருமியது. மூக்கு வழியாக ஒரு புதுக் குரல், மிகுந்த ரசனையோடு புறப்பட்டது. "பயணிகள்... கவனத்துக்கு. டவுன்... ஹவுரா லோக்கல்... மூன்றாம் பிளாட்பாரத்தில்..."

"இல்லையே," என்றாள் டெப்பி.

ரயில் இரண்டாவதில் வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும், தண்டவாளம் அதிரும் விதத்திலேயே தெரியும். ஆனால் கூடை, குழந்தை, பூஜைப் புடவைப் பொட்டலம் சகிதம் மொத்த ஜனமும் மூன்றாவதை நோக்கித் திரும்பிவிட்டது. பாலத்தின் மீது நெரிசல். ஒரு கிழவர் தடுமாறினார்.

டெப்பி பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மைக் இல்லை. பொத்தான் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தாள்.

"நில்லுங்க! ரெண்டாம் பிளாட்பாரம்! ஹவுரா லோக்கல் ரெண்டுல வருது! யாரும் ஓட வேண்டாம்!"

நின்றார்கள். ஒரு கணம் அத்தனை தலைகளும் அண்ணாந்தன. தினமும் கேட்கும் குரல். முதல் முறையாக அதற்கு ஒரு முகம், நரையோடிய கொண்டை, கரை நைந்த பருத்திப் புடவை. பிறகு வகுப்பறைப் பிள்ளைகள்போல் அமைதியாகத் திரும்பி இரண்டாவதில் இறங்கினார்கள்.

"மாஷிமா," என்றாள் பௌஷாலி, வாய் மூடாமல். "எங்க கூடத்துக்கு மைக் வாடகையே வேண்டாம் போலிருக்கே."

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லாட்டு ஜன்னல் வழியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திணித்தான். ஸ்டேஷன் வாசல் கடையில் அவசரமாக வாங்கிய ஜல்பரா இனிப்பு. "சாப்பிட்டுட்டே போ. இப்பத்தான் பல்லு சரியாயிடுச்சே!"

வண்டி நகர்ந்தது. அவன் கூடவே ஓடினான், பிளாட்பாரம் முடியும்வரை. அப்பா இறந்த வருடம், பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பும்போதும் இப்படித்தான் ஓடி வருவான். டெப்பி இனிப்பைக் கடித்தாள். உள்ளே இருந்த பன்னீர்ப் பாகு மோவாயில் வழிந்து புடவையில் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

சியால்தாவுக்குப் பின்பக்கம் ஒரு வக்கீல் வீட்டு மாடி. நாற்காலிகள் வட்டமாகத்தான் போட்டிருந்தன. ஒன்று காலி. டைரக்டர் தீபாயன் பாக்சி, தாடிக்குள் கோபத்தை ஒளித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. தப்பான நம்பர் குடுத்துட்டு ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நம்பர் சரிதாங்க," என்றாள் டெப்பி, நாற்காலியில் அமர்ந்துகொண்டே. "பேரைத்தான் தப்பாக் குடுத்துட்டேன்."

வட்டம் முழுவதும் சிரித்தது. காகிதக் கட்டு கை மாறி வந்தது. மாலதி பாதுரியின் முதல் வசனம் ஒரே வரிதான். குடித்தனக்காரன் ஒருவனைக் கதவைத் திறந்து வரவேற்க வேண்டும். 'உள்ளே வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.' ரயிலை வரவேற்கும் அதே நிதானத்தில், அதே கனிவில், அவசரப்படாமல் சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரர் தன்னையறியாமல் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். பாக்சி தாடியைத் தடவினார். பெஹாலா அம்மாவுக்கு யாரும் போன் செய்யவில்லை.

பூஜை முடிந்தது. லாட்டுவின் மயில் தோகை விரித்து இரண்டாம் பரிசு வாங்கியது. நாடகம் குளிர்காலத்தில். ஷிப்டைக் காலைக்கு மாற்றித் தரச் சொல்லி டெப்பி சூப்பிரண்டிடம் கேட்டாள், அதுவும் கிடைத்தது. கேட்பதில் அவள் இப்போது ருசி கண்டுவிட்டாள். பாக்ராஷி பாபு வாரத்தில் மூன்று மாலை மைக்கில் உட்கார்கிறார். பயணிகள் அறிவிப்பைக் கேட்ட பிறகு பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை விசாரித்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் தொலைபேசிக்கு மேலே, சுவரில், லாட்டு சாக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: மணிகுந்தளா என்றால் தீதி. மணிகுந்தளா தீதி என்று கூப்பிடும் சபதம் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் ஈரத்துண்டு காணாமல் போனதும் வழக்கம்போல் வெறும் "தீதி!"க்கு இறங்கிவிட்டான். டெப்பிக்கு அதில் குறையில்லை. ஒரு பெயர் வெளியே போய் வேலை பார்க்கும்போது இன்னொன்று வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டெப்பி கூடத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஷர்பரி பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ... யாரு? மணிகுந்தளா தேவியா? ஆமாங்க! ஆமாங்க! சரியான வீடுதான்! உக்காருங்க... ஐயோ, போன்ல எப்படி உக்காருவீங்க... சொல்லுங்க!"

எதிர்முனை என்னவோ சொன்னது. ஷர்பரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"இன்ஷூரன்ஸா? பாலிசி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாங்க. நீங்க முதல்ல நாடகத்துக்கு வாங்க. அவங்கதான் கொலைகாரி. ஐயோ, சொல்லிட்டேனே! பரவாயில்ல, தெரியாத மாதிரி உக்காந்து பாருங்க. வீட்டுல எத்தனை பேரு? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. இருங்க, அவங்களையே கூப்பிடறேன்." வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "தீதி! உங்களைத்தான் கேக்கறாரு. மணிகுந்தளா தேவி வேணுமாம். என்ன சொல்லட்டும்?"

டெப்பி ஒரு பட்டாணிக் காயைப் பிரித்துக் கட்டைவிரலால் வழித்தாள்.

"ஒத்திகையில இருக்காங்கன்னு சொல்லு," என்றாள்.

சொல்லிவிட்டு, நாலு பட்டாணியை வாயில் போட்டு மென்றபடி, மாலதி பாதுரியின் அடுத்த வசனத்தை எடுத்தாள்.